புது சர்வரில் வலது கிளிக் ஏன் ஒட்டவில்லை

போன மாதம் ஒரு மதியம், கூட வேலை பார்க்கும் தம்பி சாட்டில் கேட்டான்: "அண்ணா, என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல ரெண்டு வரி ஒட்டணும். வலது கிளிக் பண்ணா ஒட்ட மாட்டேங்குது. கீழ விஷுவல்னு வருது. என் புட்டி செட்டிங் ஏதாவது மாறிடுச்சா?"

அந்த வாரம்தான் பல வருடம் கை வைக்காமல் விட்டிருந்த டெபியன் 8 (லினக்ஸில் ஒரு வகை) சர்வரை மூடிவிட்டு, எல்லாவற்றையும் டெபியன் 12-க்கு நகர்த்தியிருந்தோம். சர்வரில் நுழைய அவன் பயன்படுத்தும் டெர்மினல் நிரல் புட்டி; அதில் அவன் எதையும் தொடவில்லை. மாறியது சர்வர்தான்.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். விம் என்ற உரைத் திருத்தியில், எழுதுவதற்கான இன்சர்ட் நிலையில் இருந்துகொண்டு வலது பொத்தானை அழுத்துகிறான். ஒட்டுவதற்குப் பதிலாக, கர்சர் இருந்த இடத்திலிருந்து கிளிக் செய்த இடம் வரை நான்கு வரிகள் நிறம் மாறுகின்றன. திரையின் அடியில் 'இன்சர்ட்' என்பது அடைப்புக்குறிக்குள் போய், பக்கத்தில் 'விஷுவல்', அதாவது தேர்வு நிலை, என்று வந்து நிற்கிறது. சரி, ஒட்டவில்லை என்றால் கையால் தட்டிவிடலாம் என்று 'சர்வர்_நேம்' என ஆரம்பித்திருக்கிறான். முதல் எழுத்தான எஸ்ஸை விம் கட்டளையாக எடுத்துக்கொண்டது. விஷுவல் நிலையில் எஸ் என்றால், தேர்ந்தெடுத்ததை அழித்துவிட்டு அங்கேயே எழுதத் தொடங்கு என்று பொருள். நான்கு வரியும் போய், அந்த இடத்தில் தலை எழுத்து இல்லாத 'எர்வர்_நேம்' மட்டும் இருந்தது. எஸ்கேப், பிறகு செய்ததை மீட்கும் யூ. வரிகள் திரும்பி வந்துவிட்டன. ஆனால் உயிரோடு ஓடும் சர்வரின் கான்ஃபிக் கோப்பில் இப்படி நடந்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். அதனால் இதை அரைகுறையாக விடாமல் அடிவரை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் விட்டுவிட்டுச் செய்ததன் பதிவு இது.

ஒரு குறிப்பு. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

முதலில் அவனுக்குச் சொன்ன விஷயம் இதுதான். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துச் சன்னலில், மவுஸ் இயல்பாக டெர்மினலுக்கே சொந்தம். இழுத்தால் எழுத்துகள் தேர்வாகும், புட்டியில் விட்டதுமே காப்பி ஆகும், வலது கிளிக்கில் ஒட்டும். உள்ளே ஓடும் நிரலுக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது. ஒட்டும்போதுகூட, யாரோ வேகமாகத் தட்டினதுபோல எழுத்துகள் மட்டும் அதற்குப் போய்ச் சேரும். ஆனால் நிரல் டெர்மினலிடம் "இனி மவுஸை என்னிடம் கொடு" என்று கேட்கலாம். கேட்ட நொடியிலிருந்து ஒவ்வொரு கிளிக்கும் எழுத்துகளாக மாறி நிரலுக்குப் போகும். டெர்மினல் தன் வழக்கமான வேலையை நிறுத்திவிடும். வலது கிளிக் ஒட்டாததற்கு இதற்கு மேல் காரணம் கிடையாது. மவுஸ் கை மாறியிருக்கிறது.

கேட்பது எப்படி என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் வெறும் ஷெல்லில் உட்கார்ந்து ப்ரிண்ட்எஃப் கட்டளையால் ஒரு வரிசையை அனுப்பினேன்: எஸ்கேப் எழுத்து, இடது சதுர அடைப்பு, கேள்விக்குறி, 1000, கடைசியில் சின்ன எச். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரல் வகுத்த முறை இது. இன்று புழக்கத்தில் உள்ள டெர்மினல்கள் அநேகமாக எல்லாமே இதைப் பின்பற்றுகின்றன. எச் என்றால் போடு, அதே இடத்தில் சின்ன எல் என்றால் அணை. அனுப்பிவிட்டு, வந்ததை அப்படியே காட்டும் 'கேட்' கட்டளையை சும்மா ஓடவிட்டு, சன்னலின் இடது மேல் மூலையில் ஒரு கிளிக். திரையில் எஸ்கேப், சதுர அடைப்பு, பெரிய எம், அதன்பின் ஒரு இடைவெளியும் இரண்டு ஆச்சரியக்குறியும் வந்தன. பொத்தானை விட்டதும் இன்னொரு முறை. இப்போது இடைவெளிக்குப் பதில் # குறி.

அந்த மூன்று எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதலாவது எந்தப் பொத்தான், இரண்டாவது எந்த நெடுவரிசை, மூன்றாவது எந்த வரிசை. ஒவ்வொன்றோடும் 32-ஐக் கூட்டி ஒரே பைட்டாக அனுப்புகிறார்கள். இடது பொத்தான் 0, அதனால் 32, அதுதான் இடைவெளி. முதல் நெடுவரிசை 1, அதனால் 33, அதுதான் ஆச்சரியக்குறி. பொத்தானை விட்டதற்கு 3. 35 என்றால் #. எந்தப் பொத்தானை விட்டோம் என்பது இதில் கிடையாது, ஏதோ ஒன்றை விட்டோம் என்பது மட்டும்தான்.

ஒரு பைட்டில் 255-க்கு மேல் போக முடியாது. 255-இல் 32 போனால் 223. ஆக 223-ஆவது நெடுவரிசைக்கு அப்பால் கிளிக் செய்தால் இந்த முறையால் அதைச் சொல்லவே முடியாது. என் அகலத் திரையில், ஒரே டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தரும் டிமக்ஸுக்குள் விம்மைப் பிளந்து வைத்திருந்தால் வலது ஓரத்துச் சன்னலில் மட்டும் கிளிக் வேலை செய்யாது. பழைய விம்மோடு இந்தத் தொந்தரவைப் பல மாதம் அனுபவித்திருக்கிறேன். காரணம் இந்தக் கழித்தல் கணக்கு என்று அப்போது தெரியாது. 96-ஆவது நெடுவரிசையிலேயே பைட் 128-ஐத் தொட்டுவிடுவதால், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையை எதிர்பார்க்கும் நிரல்கள் அங்கிருந்தே தடுமாற ஆரம்பிக்கும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் 1006 என்ற முறை. 1000-உடன் இதையும் சேர்த்து அனுப்பிவிட்டுக் கிளிக் செய்தால், எஸ்கேப்பும் சதுர அடைப்பும் கழிந்து <0;34;12 என்று வெளிப்படையாக எண்கள் வருகின்றன. அழுத்தினால் கடைசியில் பெரிய எம், விட்டால் சின்ன எம். 34-ஆவது நெடுவரிசை, 12-ஆவது வரிசை. வரம்பு கிடையாது, எந்தப் பொத்தானை விட்டோம் என்பதும் தெரியும். சக்கரத்தை மேலே உருட்டினால் 64, கீழே உருட்டினால் 65; சக்கரமும் இங்கே ஒரு பொத்தான்தான். பழைய விம்மில் 'டிடிஒய்மவுஸ்' என்ற அமைப்பை 'எஸ்ஜிஆர்' என்று மாற்றினால் இந்த முறைக்கு வந்துவிடும். என் வலது ஓரம் அப்படித்தான் சரியானது.

இந்தச் சோதனையைத் தம்பியையும் செய்ய வைத்தேன். கிளிக் செய்யச் செய்ய எண்கள் மாறுவதைப் பார்த்ததும், "அப்ப புட்டி மேல தப்பே இல்லையா அண்ணா" என்றான். இல்லை.

அடுத்த கேள்வி: விம்மை இப்படிக் கேட்கச் சொன்னது யார்? அவன் வீட்டு அடைவில் விம்மின் சொந்த அமைப்புக் கோப்பான விம்ஆர்சியே கிடையாது. விம்முக்குள் முக்காற்புள்ளி போட்டு 'வெர்போஸ் செட் மவுஸ்?' என்று தட்டினேன். இந்தக் கட்டளையை விம்மில் வேலை செய்யும் எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு அமைப்பின் மதிப்பை மட்டும் சொல்லாமல், அதைக் கடைசியாக எந்தக் கோப்பு வைத்தது என்றும் சொல்லும். விடை வந்தது: மவுஸ்=ஏ, வைத்தது விம்90 அடைவில் உள்ள 'டிஃபால்ட்ஸ்.விம்'.

2016-இல் விம் 8.0 வந்தபோது சேர்ந்த கோப்பு அது. சொந்தமாக விம்ஆர்சி இல்லாதவர்களுக்கு நிறம், உள்தள்ளல் எல்லாம் ஓரளவு நன்றாக அமைந்திருக்கட்டும் என்று வைத்தார்கள். அதில் மவுஸும் ஒன்று. டெபியனில் 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து இது இருக்கிறது. நாங்கள் 8-இலிருந்து நேராக 12-க்குத் தாவியதால், மற்றவர்கள் எப்போதோ சந்தித்ததை இப்போது சந்தித்தோம். டெர்மினலின் பெயரில் எக்ஸ்டெர்ம் என்று இருந்தால் மவுஸ்=ஏ, இல்லாவிட்டால் என்விஐ என்று அந்தக் கோப்பு பிரித்து வைக்கிறது. புட்டி தன்னை எக்ஸ்டெர்ம் என்றுதான் சொல்லிக்கொள்ளும். அதனால் அவனுக்கு ஏ.

ஏ என்றால் எல்லா நிலையிலும். என்விஐ என்றால் நார்மல், விஷுவல், இன்சர்ட் ஆகிய மூன்றில் மட்டும். கட்டளை வரியில் இல்லை. இந்த வித்தியாசத்தில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. என்விஐ இருக்கும்போது முக்காற்புள்ளியைத் தட்டினால் போதும், அந்த நேரத்துக்கு மவுஸ் டெர்மினலிடம் திரும்பிவிடும். இழுத்துக் காப்பி எடுத்துக்கொண்டு எஸ்கேப் தட்டிவிட்டு வந்துவிடலாம்.

சரி, திருத்தம். சர்வரில் ஐந்து பேர் நுழைகிறோம், எல்லாருக்கும் சேர்த்துச் செய்வோம் என்று பொது அமைப்புகள் இருக்கும் ஈடிசியின் விம் அடைவில் உள்ள 'விம்ஆர்சி.லோக்கல்' கோப்பில் 'செட் மவுஸ்=' என்று மதிப்பை வெறுமையாக்கி ஒரு வரி போட்டேன். விம்மைத் திறந்தால் பழையபடி ஏ. எழுத்துப் பிழையோ என்று இரண்டு முறை பார்த்தேன்; இல்லை. வரிசைதான் காரணம். பொதுக் கோப்பை முதலில் படித்துவிட்டு, சொந்த விம்ஆர்சி இல்லாத ஆளுக்கு டிஃபால்ட்ஸைப் பிறகு படிக்கிறது விம். நான் அணைத்ததை அது பின்னால் வந்து போட்டுவிடுகிறது. விம்ஆர்சி வைத்திருக்கும் என் கணக்கிலோ டிஃபால்ட்ஸே படிக்கப்படாது. அதனால் இத்தனை நாள் எனக்கு இந்தப் பிரச்சினை கண்ணில் படவில்லை.

மூன்று வரியில் தீர்ந்தது. முதல் வரியில் 'சோர்ஸ் $விம்ரன்டைம்/டிஃபால்ட்ஸ்.விம்' என்று அந்தக் கோப்பை நாமே முன்கூட்டிப் படிக்கவைப்பது. இரண்டாவது, 'லெட் ஸ்கிப்_டிஃபால்ட்ஸ்_விம்=1'; பிறகு ஒருமுறை படிக்காதே என்று. மூன்றாவதுதான் 'செட் மவுஸ்='. முதல் வரியில் விம்90 என்ற முழுப் பாதையைக் கொடுக்காமல் அந்த மாறியைக் கொடுத்ததற்குக் காரணம், அடுத்த பதிப்பில் அடைவின் பெயர் மாறினாலும் இது உடையாது. நிறங்கள் அப்படியே இருந்தன, வலது கிளிக் ஒட்டியது.

பலர் 'செட் மவுஸ்-=ஏ' என்று எழுதிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். மதிப்பு ஏ என்று இருந்தால் அது வேலை செய்யும். என்விஐ என்று இருந்தால் கழிப்பதற்கு அதில் ஏ என்ற எழுத்தே இல்லை, ஒன்றும் மாறாது. டிமக்ஸுக்குள் டெர்மினலின் பெயர் ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸ் என்று ஆகிவிடுவதால் அங்கே என்விஐதான் வரும். வெளியே வேலை செய்த வரி உள்ளே பலிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். வெறுமையாக்குவதே நல்லது.

அமைப்பை மாற்ற உரிமை இல்லாத சர்வரில் என்ன செய்வது? ஷிஃப்ட். அதைப் பிடித்துக்கொண்டு இழுத்தாலோ கிளிக் செய்தாலோ, நிரல் கேட்டிருந்தாலும் டெர்மினல் மவுஸைத் தானே வைத்துக்கொள்ளும். புட்டி, க்னோம் டெர்மினல், எக்ஸ்டெர்ம் எல்லாவற்றிலும் இது உண்டு. மேக்கில் ஐடெர்ம்2 வைத்திருப்பவர்களுக்கு ஆப்ஷன் விசை. புட்டியில் மவுஸ் அறிவிப்பையே நிரந்தரமாக முடக்க டெர்மினல் பகுதியின் ஃபீச்சர்ஸ் பக்கத்தில் ஒரு தேர்வுப் பெட்டியும் இருக்கிறது.

ஷிஃப்டில் ஒரு குறை உண்டு. டெர்மினலுக்குத் தெரிவது திரையில் இருக்கும் எழுத்துகள் மட்டும். விம்மின் சன்னல்கள் அதற்குத் தெரியாது. இரண்டாகப் பிளந்த திரையில் இடது பக்கத்தில் மூன்று வரி எடுக்கப் போனால், வலது பக்கத்துச் சன்னலின் வரிகளும் நடுக்கோடும் சேர்ந்து வரும். வரி எண்கள் போட்டிருந்தால் அவையும் வரும். க்னோம் டெர்மினலில் கன்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்தால் செவ்வகமாகத் தேர்வாகும், அது ஓரளவு கைகொடுக்கும். விம் தானே மவுஸை வைத்திருக்கும்போது இந்தக் கலப்படம் நடக்காது, அதற்குச் சன்னல் எல்லை தெரியும். ஆனால் அது எடுத்துவைப்பது சர்வரில் ஓடும் விம்மின் ரெஜிஸ்டர் என்ற உள் சேமிப்பிடத்தில். நம் மேசையில் இருக்கும் கிளிப்போர்டுக்கு அது தானாக வராது.

அதையும் தாண்ட ஒரு வழி இருக்கிறது. ஓஎஸ்சி 52 என்ற வரிசையில், நகலெடுத்ததை பேஸ்64 என்ற குறியீட்டு வடிவமாக்கி டெர்மினலுக்கு அனுப்பினால் டெர்மினல் அதை உள்ளூர் கிளிப்போர்டில் வைக்கும். தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் எஸ்எஸ்எச் வழியாகவும் போகும். எல்லா டெர்மினலும் ஏற்பதில்லை. ஏற்பவற்றிலும் சில, பாதுகாப்பு கருதி இதை அணைத்து வைத்திருக்கின்றன. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் 0.10-இல் இது உள்ளேயே வந்துவிட்டது.

இரண்டாம் நாள் தம்பியிடமிருந்தே அடுத்தது வந்தது. இணையம் துண்டித்து எஸ்எஸ்எச் அறுந்துபோயிருக்கிறது. இந்த முறை லினக்ஸ் மடிக்கணினியில் இருந்தான். உள்ளூர் ஷெல்லுக்குத் திரும்பியபின் சக்கரத்தை உருட்டினால் 64;80;24 என்று எண்களும் எம் எழுத்தும் வரி வரியாகக் கொட்டுகின்றன. என்டர் தட்டினால் '64 என்ற கட்டளை இல்லை', '80 என்ற கட்டளை இல்லை' என்று வரிசையாகப் புகார். அரைப்புள்ளி ஷெல்லுக்குக் கட்டளைப் பிரிப்பான் அல்லவா, ஒவ்வொரு எண்ணையும் தனிக் கட்டளையாக எடுத்துக்கொண்டது.

முந்தின நாள் சோதனையைச் செய்திருந்ததால் விளக்கவே தேவைப்படவில்லை. "எச் போட்டுட்டு எல் போடாமலே போயிடுச்சு" என்று அவனே சொன்னான். சர்வரில், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் எச்டாப் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒழுங்காக வெளியேறியிருந்தால் மவுஸைத் திருப்பிக் கொடுத்திருக்கும். இணைப்பு நடுவில் அறுந்ததால் அணைக்கும் வரிசை வந்து சேரவே இல்லை. டெர்மினல் இன்னும் நிரல் இருப்பதாக நினைத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 'ரீசெட்' என்று தட்டினால் போய்விடும். திரையில் இருப்பது அழியக்கூடாது என்றால் 1000, 1002, 1003, 1006 நான்குக்கும் சின்ன எல் போட்டு ப்ரிண்ட்எஃப்பில் அனுப்பினால் போதும். அதை 'மவுஸ்ஆஃப்' என்ற பெயரில் ஷெல்லின் அமைப்புக் கோப்பான பேஷ்ஆர்சியில் ஒரு குறுக்குப்பெயராக வைத்துக்கொண்டோம். 1002 என்பது இழுக்கும்போதும் சொல்வது. 1003 எந்தப் பொத்தானும் அழுத்தாமல் நகர்த்தினாலே சொல்வது. கை பட்டாலே எண்கள் கொட்டினால் 1003 மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

டிமக்ஸ் இதற்கு நேர்மாறு. அது மவுஸைக் கேட்காமலே தொடங்குகிறது. அதில் என்ன ஆபத்து என்றால், முழுத்திரை நிரல்களுக்கென டெர்மினல் தரும் மாற்றுத்திரையில் டிமக்ஸ் ஓடுவதால், பல டெர்மினல்கள் அங்கே சக்கரத்தை மேல் அம்பு, கீழ் அம்பு விசைகளாக மாற்றி அனுப்புகின்றன. கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் போன்றவை சக்கரத்தில் நகர்வதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் டிமக்ஸுக்குள் ஷெல்லில் நின்றுகொண்டு பழைய வெளியீட்டைப் பார்க்கச் சக்கரத்தை உருட்டினால், மேல் அம்பு பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக் கொண்டுவரும். அந்த நேரம் என்டரில் கை பட்டால் நேற்றைய அழிப்புக் கட்டளை இன்றும் ஓடும். இந்த ஒரு காரணத்துக்காகவே டிமக்ஸில் 'செட் -ஜி மவுஸ் ஆன்' வரியைப் போட்டு வைக்கிறேன். 2015-இல் வந்த 2.1-க்கு முன் இதற்கு நான்கு தனித்தனி அமைப்புகள் இருந்தன, இப்போது ஒன்றுதான். போட்டால் சக்கரம் காப்பி நிலைக்குக் கொண்டுபோய்ப் பின்னோக்கி நகர்த்தும். இழுத்துவிட்டதும் டிமக்ஸின் பஃபரில் காப்பியாகும்.

மற்றவை சுருக்கமாக. எச்டாப் இயல்பாகவே மவுஸை எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் கட்டளையோடு பெரிய எம் கொடியைச் சேர்த்துத் தொடங்க வேண்டும். கோப்பு மேலாளரான மிட்நைட் கமாண்டரும் அப்படியே, அதற்குச் சின்ன டி. நானோ என்ற உரைத் திருத்தி எடுக்காது, வேண்டுமென்றால் சின்ன எம் கொடுக்க வேண்டும். நியோவிம் 2022-இல் வந்த 0.8 முதல் என்விஐ. வலது கிளிக்கில் ஒரு பட்டி திறந்து, மவுஸை எப்படி அணைப்பது என்ற வரியையும் அதிலேயே காட்டுகிறது. இயல்பை மாற்றுகிறவர்கள் எல்லாரும் செய்ய வேண்டிய காரியம் அது. எதிர்பார்த்தது நடக்காமல் கை தடுமாறுகிற அதே இடத்தில் விடை இருக்கிறது.

விம்மின் இயல்பு தவறு என்று நான் சொல்லமாட்டேன். புதிதாகக் கற்கிறவர், தன் சொந்தக் கணினியில், கிளிக் செய்த இடத்துக்குக் கர்சர் வருவதைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். ஆனால் எஸ்எஸ்எச்சில் நுழையும் சர்வரில் மவுஸின் முதல் வேலை அங்கிருந்து எடுப்பதும் இங்கிருந்து ஒட்டுவதும்தான். அதனால் எங்கள் சர்வர்களில் விம்முக்கு மவுஸ் அணைப்பு, டிமக்ஸுக்கு ஆன். மூன்று வரிக் கோப்பைப் புது சர்வர் அமைக்கும் ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிட்டேன்.

என் வீட்டுக் கணினியில் விம்முக்கும் மவுஸ் உண்டு. அங்கே ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. டெர்மினல் அனுப்புவது கட்டக் கணக்கு: 34-ஆவது கட்டம், 12-ஆவது வரிசை. தமிழ்க் கோப்பைத் திறந்தால் கொம்புக்கும் காலுக்கும் தனிக் கட்டம் ஒதுக்குவதா, முந்தைய எழுத்தோடு சேர்த்து ஒரே கட்டமா என்பதில் டெர்மினலும் விம்மும் ஒத்துப்போவதில்லை. 'கோயில்' என்ற சொல் இவருக்கு ஒரு அகலம், அவருக்கு வேறு அகலம். வரியின் தொடக்கத்தில் கிளிக் செய்தால் சரியாக இருக்கிறது. நடுவுக்குப் போகப் போக வித்தியாசம் கூடி, வரி முடிவில் ஏழெட்டு எழுத்து தள்ளிப்போய் நிற்கிறது கர்சர். இரண்டு டெர்மினல் மாற்றிப் பார்த்தேன், தள்ளிப்போகும் அளவு மாறியதே தவிரப் போகவில்லை. அதனால் தமிழ்க் கோப்புகளில் தேடலுக்கான சாய்கோட்டைத் தட்டி, வேண்டிய சொல்லின் முதல் இரண்டு எழுத்தை அடித்துத்தான் போகிறேன். கர்சர் அந்தச் சொல்லின் மேலேயே வந்து நிற்கிறது.